சோலார் போடப் போகிறீர்களா? முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள்!

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட வேண்டும் என்ற ஆசை இப்போது ஊரெங்கும் பரவி இருக்கிறது. மின்சாரக் கட்டணம் குறையும். அரசு மானியமும் உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், 3 கிலோவாட் அமைக்கும் வீட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது.

நல்லதுதான். ஆனால், கடைக்குப் போனதும் நம்மவர்கள் என்ன கேட்கிறார்கள்?

"பேனல் எந்தக் கம்பெனி? எத்தனை வாட்? எவ்வளவு ரூபாய்?"

இந்த மூன்றே கேள்விகள்தான்! "பேனலைத் தாங்கப் போகிற ஸ்டாண்டு எப்படிப்பட்டது?" என்று கேட்பவர்கள் குறைவு. விலையைக் குறைக்க விரும்பும் வியாபாரி கை வைப்பதும் அந்த ஸ்டாண்டில்தான்.

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஸ்டாண்டும் அத்தனை ஆண்டு நிற்க வேண்டாமா?

காற்றின் கணக்கு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மியே பறக்கும் என்றால் பேனல் எம்மாத்திரம்?

இப்போது வீடுகளுக்கு வரும் பெரிய பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் இருக்கும். எடை 27 கிலோ அளவில் இருக்கும். 3 கிலோவாட்டுக்கு இப்படி ஆறு பேனல்கள் வேண்டும்.

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று அடியில் புகுந்து முழு வேகத்தோடு தூக்கினால், ஒரு பேனல் மீது சுமார் 200 கிலோ விசை விழும். ஆறு பேனலுக்கு 1,200 கிலோ!

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது.

2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும், 2018 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய கஜா புயலையும் நாம் மறந்திருக்க மாட்டோம். வேரூன்றி நின்ற மரங்களே சாய்ந்தன.

வாடைக் காற்று செய்யும் வேலை

நம் நாட்டில் பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். அப்போதுதான் ஆண்டு முழுவதும் நல்ல வெயில் கிடைக்கும். சென்னையில் சுமார் 13 டிகிரி சாய்வு போதும். கன்னியாகுமரிப் பக்கம் அதைவிடக் குறைவு.

தெற்கே தாழ்ந்தால் வடக்கே உயரும் அல்லவா? அந்த உயர்ந்த பக்கம் வாய் திறந்தாற்போல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் கரையை நெருங்கும்போது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். நேரே அந்த வாய்க்குள் புகும். காற்றில் குடை மல்லாந்து போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்!

கட்டி வைத்தால் போதுமா?

சிலர் மாடியில் சிமெண்டுக் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் ஸ்டாண்டை நிறுத்திவிடுகிறார்கள். தளத்தோடு எந்தப் பிடிப்பும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஓர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள கான்கிரீட் கட்டை சுமார் 68 கிலோ. ஆறு கட்டைகள் 400 கிலோ. பேனல்கள் 160 கிலோ. இரும்பு 150 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து 700 கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. காற்றோ 1,200 கிலோ விசையோடு தூக்குகிறது!

எனவே, ஸ்டாண்டின் கால் வீட்டின் கான்கிரீட்டைப் பிடித்திருக்க வேண்டும். தளத்தில் துளை போட்டு, இறுகிப் பிடிக்கும் ரசாயனப் பசை ஊற்றி, போல்ட்டை ஊன்றுகிறார்கள். 'கெமிக்கல் ஆங்கர்' என்று இதற்குப் பெயர். மேலே பதித்த தட்டோட்டிலும் சுண்ணாம்பு ஜல்லியிலும் மட்டும் போல்ட் நின்றால் பயனில்லை. அடியில் உள்ள கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். பிறகு துளையைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கூரை ஒழுகும்.

துளை போட மனம் இல்லையா? அப்படியானால் சாய்வைக் குறைத்து, பாரத்தைக் கூட்ட வேண்டும். அவ்வளவு பாரத்தை வீடு தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

ஓட்டு வீடு

ஓட்டு வீட்டில் ஓட்டின் மேல் எதையும் முடுக்கக் கூடாது. ஓட்டுக்கு அடியில் உள்ள கைமரத்தில் கொக்கி மாட்டி, அதில்தான் ஸ்டாண்டைப் பிடிக்க வேண்டும். கைமரம் உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடவே வேண்டாம். ஏறி நின்றாலே உடையும். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தனிக் கால் நட்டு, ஸ்டாண்டைக் கூரைக்கு மேலே நிறுத்துவதே நல்லது.

துரு என்னும் எதிரி

இரும்பு ஸ்டாண்டுக்குச் சாயம் பூசினால் போதாது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பே வேண்டும். 'ஹாட் டிப்' என்று கேளுங்கள். பூச்சு 80 மைக்ரான் கனம் இருந்தால் நல்லது. முக்கி எடுத்த இரும்பை மாடியில் வெட்டி வெல்டிங் வைத்தால், அந்த இடத்தில் பூச்சு போய்விடும்; துரு அங்கேதான் பிடிக்கும். ஆகையால் போல்ட் போட்டுப் பூட்டும் ஸ்டாண்டே மேல். போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடலோரத்தில் வசிப்பவர்கள் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உயரம் எவ்வளவு?

"ஸ்டாண்டை எட்டடி உயரத்தில் போட்டால் கீழே துணி காயப் போடலாம், வடாம் பிழியலாம்" என்று பெண்கள் விரும்புவது நியாயமே. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். அத்தகைய ஸ்டாண்டுக்குக் கனமான கால்களும், குறுக்குச் சட்டங்களும் வேண்டும். அதற்கு உரிய பணத்தைக் கொடுக்கத் தயாராக இருங்கள். இல்லையேல் தாழ்வாகப் போடுங்கள்.

ரசீதில் எழுதி வாங்குங்கள்

இந்தியத் தரக் கணக்குப்படி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்று. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். கோவையில் போதுமான ஸ்டாண்டு சென்னைக்குப் போதாது!

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே இவற்றை எழுதி வாங்குங்கள்: எந்த இரும்பு, எத்தனை மைக்ரான் பூச்சு, எந்த வேகக் காற்றைத் தாங்கும், தளத்தில் எப்படிப் பிடிக்கப்படும், ஸ்டாண்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம். வாயால் சொல்வதை எழுதித் தர மறுக்கும் வியாபாரியை விட்டு விலகுங்கள்.

ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்கும் முன் ஆள் வைத்து எல்லா நட்டையும் முடுக்கிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

பறந்து போகும் பேனலால் உங்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. அது விழப் போவது அடுத்த வீட்டுக் கூரையாகவும் இருக்கலாம். தெருவில் போகும் குழந்தையின் தலையாகவும் இருக்கலாம்.