வறண்ட வீட்டுத் தோட்டத்தில் மாவும் லிச்சியும்: எது நிலைக்கும், எது வாடும்?

வட இந்தியாவில் பருவமழை தொடங்கியதும் நாற்றங்கால்களில் மாங்கன்றுகளும் லிச்சிக் கன்றுகளும் அருகருகே விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. இரண்டும் பசுமை மாறா மரங்கள். இரண்டும் கோடையில் கனி தருபவை. ஆகவே ராஜஸ்தான், தெற்கு ஹரியானா, தில்லி போன்ற வறண்ட பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலர் இரண்டையும் ஒன்றாக வாங்கி நட்டு, ஒரே அளவு நீர் ஊற்றி வளர்க்கின்றனர். சில ஆண்டுகளில் மா தழைத்து நிற்கும். லிச்சியோ இலை நுனி கருகி, வளர்ச்சி குன்றி நிற்கும். ஊற்றும் நீரை இரட்டிப்பாக்கினாலும் பெரும்பாலும் பலன் கிட்டுவதில்லை.

இதற்குக் காரணம் பராமரிப்புக் குறைவு மட்டுமன்று. மா மண்ணின் வறட்சியைத் தாங்கும் மரம். லிச்சிக்கு மண்ணின் ஈரத்தோடு காற்றின் ஈரமும் வேண்டும். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கிவரும் பகுதிகளில், கையிலுள்ள நீரை எந்த மரத்திற்குச் செலவிடுவது என்பதை நடுவதற்கு முன்பே முடிவு செய்வது நல்லது.

வேரில் தொடங்கும் வேறுபாடு

ஒட்டு மாங்கன்றின் அடிப்பகுதி, கொட்டையிலிருந்து முளைத்த நாற்று. அதற்கு ஆணிவேர் உண்டு. தடையற்ற மண்ணில் அவ்வேர் 6 மீட்டர் ஆழம் வரைகூடச் செல்லக்கூடியது. மேல்மண் காய்ந்த பின்னரும் ஆழத்து ஈரத்தை மரம் பெறுவது இதனால்தான்.

லிச்சிக் கன்று பெரும்பாலும் விண்பதிய முறையில் உருவாக்கப்படுகிறது. கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர்விட்ட பின் வெட்டியெடுக்கின்றனர். தாய்மரத்தின் குணம் மாறாமல் விரைவில் காய்க்கும் என்பது இம்முறையின் நன்மை. ஆனால் இக்கன்றுக்கு ஆணிவேர் இல்லை. மேல்மண்ணில் பரவும் சல்லிவேர்களே அதன் ஆதாரம். கோடையில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்ணே.

லிச்சியின் வேர், மண்ணில் வாழும் ஒருவகை வேர்ப்பூஞ்சையுடன் இணைந்தே நீரையும் சத்துகளையும் நன்கு உறிஞ்சுகிறது. புதிய குழியில் பழைய லிச்சித் தோப்பின் மண்ணை ஒரு கூடை சேர்க்கும் வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது. லிச்சி இல்லாத ஊரில் அந்த மண்ணும் எளிதில் கிடைப்பதில்லை.

காற்றின் வறட்சி

இந்தியாவில் லிச்சிக்குப் பெயர்பெற்றது பிகாரின் முசாபர்பூர். அங்கு விளையும் ‘ஷாஹி’ லிச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தேசிய லிச்சி ஆராய்ச்சி மையமும் அம்மாவட்டத்தின் முஷாஹரியில் இயங்குகிறது. வடக்கு பிகாரின் மண் பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தது. எனினும் லிச்சி அங்கு செழிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை, உயர்ந்த நிலத்தடி நீர்மட்டம், ஆற்றுப் படுகைகளின் ஈரக்காற்று ஆகியவை அங்கு துணை நிற்கின்றன. ஜெய்ப்பூரில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.; ஜோத்பூரில் சுமார் 360 மி.மீ. மட்டுமே.

மழையளவின் குறையைப் பாசனத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். காற்றின் ஈரத்தை அவ்வாறு ஈடுகட்டுவது கடினம். லிச்சி பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூத்து, மே மாதத்தில் பழுக்கத் தொடங்குகிறது. வடமேற்கு இந்தியாவில் ‘லூ’ எனப்படும் அனல்காற்று வீசும் காலமும் அதுவே. லிச்சியின் தோல் முதலில் வளர்ந்துவிடும். உள்ளே சதை கடைசி வாரங்களில்தான் வேகமாகப் பருக்கும். வெப்பம் 38 டிகிரி செல்சியஸைக் கடந்து, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது தோல் உலர்ந்து நெகிழ்ச்சியை இழக்கிறது. அந்நிலையில் மழையோ அதிக நீரோ கிடைத்தால் சதை திடீரெனப் பருத்துத் தோலைப் பிளந்துவிடும். காய்ந்த மரத்திற்கு ஒரே நாளில் நிறைய நீர் பாய்ச்சுவது பழவெடிப்பை மிகுவிப்பது இதனால்தான்.

மாவுக்கும் அனல்காற்று தீங்கு செய்யும், பிஞ்சுகள் உதிரும். ஆனால் எஞ்சிய காய்கள் பொதுவாகத் தேறிவிடுகின்றன. பூப்பதற்கு முந்தைய ஓரிரு மாத வறட்சி மாவுக்கு நன்மையே செய்கிறது. அக்காலத்தில் மரம் புதுத் துளிர் விடாமல் ஓய்ந்திருந்து, பின்னர் பூக்கிறது.

மண்ணும் நீரும்

நடும் இடத்தில் கோடையிலேயே ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து வெயிலில் ஆறவிட வேண்டும். வடமேற்கு இந்தியாவில் பல இடங்களில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கற்படலம் கிடக்கிறது. குழி எடுக்கும்போது அது தட்டுப்பட்டால், உடைத்து வேருக்கு வழி செய்ய வேண்டும். இயலாவிடில் வேறிடம் பார்ப்பதே சரி. குழியில் நீர் நிரப்பி மறுநாள் பார்த்தால் வடிகால் எத்தகையது என்பது தெரிந்துவிடும். நீர் தேங்கி நிற்கும் இடம் இரு மரங்களுக்கும் ஆகாது.

அடுத்து நீரின் தரம். வறண்ட பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புத்தன்மை உடையது. மா, லிச்சி இரண்டும் உப்பைத் தாங்காதவை. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறிக் கருகுவது நீர்ப் பற்றாக்குறையால் மட்டும் நிகழ்வதன்று; குளோரைடு மிகுதியும் அதே அறிகுறியைக் காட்டும். இதனை அறியாது அதே உவர் நீரை மேலும் ஊற்றினால் பாதிப்பு பெருகும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு செறிந்திருப்பதால் அதை இம்மரங்களுக்கு விடலாகாது. சாம்பல் சத்து இட வேண்டிய இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத் தவிர்த்து பொட்டாசியம் சல்பேட்டைப் பயன்படுத்துவது நல்லது.

நடும் முறை

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. மேல்மண்ணுடன் நன்கு மட்கிய தொழு உரம், சிறிது வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து குழியை நிரப்ப வேண்டும். மட்காத சாணம் வறண்ட மண்ணில் கரையானை வரவழைக்கும். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

சிறு மனைக்கு ஏற்ற மா இரகம் ‘ஆம்ரபாலி’. வடக்கின் தசேரியையும் தெற்கின் நீலத்தையும் இணைத்து, தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உருவாக்கியது. குட்டையாக வளர்வது, ஆண்டுதோறும் காய்ப்பது ஆகியவை இதன் சிறப்புகள். 2.5 மீட்டர் இடைவெளியிலும் இதனை நடலாம். வெப்பமும் வறட்சியும் மிகுந்த குஜராத்தின் கட்ச் பகுதியில் சொட்டுநீர்ப் பாசனத்தில் ‘கேசர்’ மா விளைவிக்கப்படுகிறது. தோட்டத்தில் இடம் இருப்போர்க்கு அதுவும் உகந்தது.

மிகவும் வறண்ட இடங்களில், குழியிலேயே நாட்டு மாங்கொட்டையை முளைக்கவிட்டு, நாற்று வளர்ந்த பின் விரும்பிய இரகத்தை ஒட்டுக்கட்டும் முறையும் உண்டு. பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் சுருண்டு சிதைந்திருக்கக்கூடும்; இருந்த இடத்திலேயே முளைத்த நாற்றின் ஆணிவேர் நேரே கீழிறங்கும்.

எப்போது நீர், எவ்வளவு நீர்?

இளங்கன்றுக்குக் கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி நீர் விட வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே தங்கச் செய்யும். மெருகிடாத மண்பானையைக் கன்றின் அருகே புதைத்து, நீர் நிரப்பி வாயை மூடிவைத்தால், ஈரம் மெல்லக் கசிந்து வேருக்குச் சேரும். தண்டைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு, காய்ந்த இலை அல்லது வைக்கோலை 10 செ.மீ. கனத்திற்கு மூடாக்காக இடுவது நீர் ஆவியாவதைப் பெரிதும் தடுக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியிலிருந்து இளங்கன்றைக் காக்க, தென்கிழக்குப் பக்கம் வெயில் படும்படி திறந்துவிட்டு மற்றப் பக்கங்களில் ஓலையோ வைக்கோலோ கொண்டு மறைப்பது வழக்கம்.

காய்க்கும் மாமரத்திற்கு நவம்பர் முதல் பூக்கும் வரை நீரை நிறுத்திவிடலாம். பிஞ்சுகள் பட்டாணி அளவை எட்டியதும் மீண்டும் தொடங்கி, காய் பருக்கும் வரை முறையாக விட வேண்டும். நீரைத் தண்டின் அடியில் விடாமல், கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே வட்டப்பாத்தியில் விடுவதே பயன் தரும்.

அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர். கிளைப் பரப்பு 4 மீட்டர் குறுக்களவு கொண்ட மாமரம் சுமார் 12.5 சதுர மீட்டர் நிலத்தை மூடுகிறது. கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் தேவை எனக் கொண்டால், ஏறத்தாழ 60 லிட்டர்; 90 நாட்களுக்குச் சுமார் 5,600 லிட்டர். ஜெய்ப்பூரில் 100 சதுர மீட்டர் கூரையில் ஓராண்டில் விழும் மழை சுமார் 60,000 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டியில் சேமித்தாலே ஒரு மாமரத்தின் கோடைத் தேவை நிறைவேறும். மழைநீரில் உப்பு இல்லை என்பது கூடுதல் நன்மை. ராஜஸ்தானில் மழைநீரை நிலத்தடித் தொட்டியான ‘டாங்கா’வில் தேக்கிவைக்கும் பழைய வழக்கம் இன்றைய வீட்டுத் தோட்டத்திற்கும் பொருந்தும்.

லிச்சியே வேண்டும் என்போர்க்கு

நல்ல நீர் போதிய அளவு உள்ளோர், ஒரு மரத்தை மட்டும் முயன்று பார்க்கலாம். வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்த இடம். காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் வெயிலையும் மேற்கிலிருந்து வரும் அனல்காற்றையும் வீடே தடுக்கும். மேற்குச் சுவரை ஒட்டி நட்டால் சுவரின் வெப்பமும் சேர்ந்து கன்றை வாட்டும். முதல் சில ஆண்டுகள் கன்றைச் சுற்றித் துவரை விதைத்து உயிர்வேலியாக்கினால் காற்றின் வேகம் குறையும்.

காய்க்கும் பருவத்தில் மண் ஒருபோதும் முழுமையாகக் காயாமல், சிறுசிறு இடைவெளியில் நீர் விட வேண்டும். மாலையில் இலைகளின் மீது நீர் தூவலாம். அதற்கு உப்பற்ற நீரையே பயன்படுத்த வேண்டும். காய் பிடித்து மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் கொத்துகளை நெய்யாத துணிப் பைகளால் மூடினால் வெயில் கருகலும் வெடிப்பும் குறையும். இத்தனைக்குப் பிறகும் கடும் கோடை ஆண்டுகளில் விளைச்சல் சிறுத்தே இருக்கும் என்பதை உணர்ந்தே இம்முயற்சியில் இறங்க வேண்டும்.

எதைத் தேர்வது?

ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா ஆகிய மாநிலங்களில் நிலத்தடியில் ஆண்டுதோறும் ஊறும் நீரைவிட எடுக்கப்படும் நீர் அதிகம் என மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. அத்தகைய ஊரில், கிணற்று நீரை நம்பி வளர்க்கப்படும் லிச்சி அந்த வீட்டுக்கு மட்டுமன்றி அண்டை வீடுகளுக்கும் செலவு வைக்கும் மரமாகும்.

நல்ல நீரும் காற்றுத் தடுப்பும் இருந்தால் மாவுடன் ஒரு லிச்சியை வைக்கலாம். கூரை மழைநீர் மட்டுமே ஆதாரமானால், ஓரிரு மாமரங்களோடு நிறுத்திக்கொள்வது பொருத்தம். மண்ணோ நீரோ உவர்ப்பாக இருந்தால் மாவையும் விடுத்து, இலந்தை, நெல்லி, மாதுளை போன்ற வறண்ட நிலத்துக் கனிமரங்களை நாடுவதே அறிவுடைமை. மழைக்கு முன்பே நீரைச் சோதித்து, குழியைத் தோண்டிப் பார்த்த பிறகு கன்று வாங்கச் சென்றால், பல ஆண்டு உழைப்பும் நீரும் வீணாவதைத் தவிர்க்கலாம்.