மறைவும் காண்பானும்: சேதுக்கரை, வெட்சித்துறை, வேடமாட்ட விதி

இராமேச்சுரத் தீவின் தென்கிழக்கே தனுக்கோடிக்குச் செல்லும் மணற்றிட்டின்மேல் கோதண்டராமர் கோயில் நிற்கின்றது. வீடணன் இராமனை அடைக்கலம் புகுந்த இடம் அதுவே என்பது அக்கரையின் மரபு. 1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் எழுந்த புயல் தனுக்கோடியை அழித்தபோதும் அக்கோயில் எஞ்சியது. ஒருபால் பாக்கு நீரிணை; மறுபால் மன்னார் வளைகுடா; இடையே தாழ்ந்து கிடப்பது வெறுமணல். அதன்மேல் வரும் ஒருவனைப் பகற்பொழுதில் நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்ளலாம்.

கடற்கரையில் இறங்கிய வானரப் படையை நோக்கி வீடணன் வரும் காட்சியைக் கம்பர் அமைக்குமிடத்து, அங்கே ஒரு சோலையை வைக்கின்றார். படையைக் கண்ட வீடணன் இருளில் அதனை அணுகுதல் முறையன்று எனத் துணைவரோடு எண்ணி, அச்சோலையில் மறைந்து இரவைக் கழித்து, விடிந்தபின்னரே வெளிப்படுகின்றான். மறைந்து வந்தான் எனப் பிறர் கருதாமைப் பொருட்டு ஒருவன் மறைந்திருக்கின்றான்! முரண்போலத் தோன்றும் இதனை யாம் நெடுநாள் காப்பியச் சுவைக்கு அமைந்த சிறு திருப்பமாகவே கருதியிருந்தோம்.

இதனோடு ஒத்த முரண் ஒன்று தொல்காப்பியப் புறத்திணையியலிலும் உண்டு. வெட்சிக்கு இலக்கணம் கூறுமிடத்து ஆசிரியர் களவு என்னும் சொல்லையே பெய்துள்ளார். குறிஞ்சிக்குப் புறன் வெட்சி என அவர் வகுத்ததற்கு இக்களவுப் பொதுமையும் ஒரு காரணம் என்பர். ஆயின், களவினால் ஆநிரை கொள்ளும் இத்திணையின் பதினான்கு துறைகளுள் முதலில் நிற்பது யாது? படையியங்கரவம். அரவம் என்பது ஓசை. ஓசையின்றிச் செல்ல வேண்டியோர் ஓசையோடு தொடங்குவது எங்ஙனம்? புறப்பொருள் வெண்பாமாலையும் வெட்சியரவத்தையே முன்வைத்தலின், இவ்வரிசை ஏடெழுதினோர் பிழையால் நேர்ந்தது எனத் தள்ளுதற்கும் இடமில்லை.

இவ்விரு முரண்களையும் நோக்குதற்கு ஒரு வழியை எதிர்பாராத இடத்திற் கண்டோம். அது மேலைநாட்டு மேசையாட்டம் ஒன்றின் விதிநூல். ஆராய்ச்சி இதழொன்றில் ஆட்டவிதி வருதல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். எனினும், ஒளித்தலும் ஒற்றறிதலும் எவ்வெவ் விடத்துத் தொடங்கி எவ்வெவ் விடத்து முடியும் என்பதை அவ்விதிநூலார்போல நுணுகி வரையறுக்க முயன்றோர் அரியர்.

நம் நாட்டுப் பலகையாட்டங்களில் மறைவு இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் புலி நிற்குமிடம் ஆட்டுக்கு உரியவனுக்குத் தெரியும். பல்லாங்குழியிலும் தாயத்திலும் கரந்து நிற்பது ஒன்றும் இன்று. காய் ஒன்றை எதிராளி காணாதவாறு வைத்தற்கு ஒரு வழி, இருவர்க்கும் நடுவே அனைத்தும் அறிந்த மூன்றாமவன் ஒருவனை வைத்தல். பிரசிய நாட்டுப் படைத்தலைவர் பயிற்சிக்கென ரைசுவிட்சு என்பார் 1824இல் வெளியிட்ட போராட்டம் அத்தகைய நடுவனை உடையது. இரு திறத்தாரும் தத்தம் ஆணையை நடுவனிடம் தருவர். எதிரி காணற்கியலாத படையை அவன் பலகைமேல் வையான். 1974இல் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டமும் இந்நடுவனைக் கொண்டதே. அதில் ஒவ்வொருவரும் ஒரு மாந்தரின் வேடம் ஏற்று, அவர் செய்வதைச் சொல்லாற் கூறி ஆடுவர். செயல் வாய்க்குமோ வாய்க்காதோ என்பதைக் கவறு காட்டும். ஆதலின் இதனை ஈண்டு வேடமாட்டம் என்போம்.

தொடக்க நூலில் பதிவிருந்து தாக்கும் விதி மிக எளியது. இரு கூட்டம் எதிர்ப்படும்போது ஆறுமுகக் கவற்றை உருட்டி, ஒன்றோ இரண்டோ விழுந்த கூட்டம் எதிர்பாராது அகப்பட்டது என்பர். மறைதல் என்னும் வினைக்கு அங்கே இடமில்லை. எதிர்ப்படுதலின் வாய்ப்பு ஒன்றே உண்டு. அடுத்த ஆண்டில் வெளிவந்த துணைநூல் கள்வன் என்னும் வேடத்தைச் சேர்த்து, ஓசையின்றி நடத்தல், நிழலில் ஒளிதல் ஆகியவற்றை நூற்றுக்கு இத்தனை என்னும் அளவுகளால் அவனுக்கு உரியவாக்கியது. மறைவு இங்கே மறைவானுடைய கைத்திறன் ஆயிற்று. காண்பான் யார் என்னும் வினா எழவில்லை.

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் நிலை வேறு. மறைவான் இருபதுமுகக் கவற்றை உருட்டித் தன் திறனெண்ணைக் கூட்டுகின்றான். எதிரே இருப்பவன் முனைந்து தேடாவிடினும் அவனுக்கு இயல்பாகவே ஓர் உணர்வெண் உண்டு. அது பத்தோடு அவனது நுண்ணுணர்வைக் கூட்டிய தொகை. இவ்விரண்டையும் ஒப்பிட்டே மறைவு வாய்த்ததா எனத் துணிவர். ஒரே கவறு உறங்கும் காவலனிடம் வெல்லும். கூரிய செவியுடைய நாயிடம் தோற்கும். காண்பார் எவரும் இல்லாவழி ஒப்பிடுதற்கு எண்ணே இல்லை. ஆகவே மறைவு என்பது ஒருவனது பண்பு அன்று. இருவர்க்கிடையே உள்ள உறவு.

இக்கருத்தைக் கொண்டு வெட்சித்துறைகளை மீண்டும் நோக்குவோம். படையியங்கரவம் என்பதற்கு, நிரைகொள்ள எழுந்தோர் தம் பாடிப்புறத்தே கூடுங்கால் எழும் ஓசை என்பதுபட நச்சினார்க்கினியர் உரைப்பர். அங்கே அதனைக் கேட்போர் தமரே, ஒற்றர் அல்லர். அடுத்துள்ள விரிச்சி, இடையே தங்கிய பாக்கத்தில் இரவில் நற்சொற் கேட்டல். அதன் பின்னரே புடைகெடப் போகிய செலவு வருகின்றது. பகைப்புலத்து ஒற்றர் உணராவாறு செல்லுதல் என்பது அதன் பொருள். தம் பாடி, இடைப்பாக்கம், பகைவர் புலம் என இடம் மூன்றாதலைக் காண்க. காண்பான் தோன்றும் எல்லையிலேயே களவு தொடங்குகின்றது. அவ்வெல்லைக்கு இப்பால் எழும் அரவம் களவுக்கு இழுக்கன்று. அரவம் முன்னும் புடைகெடல் பின்னும் நிற்றல் வழுவன்று என்பதே எம் துணிபு.

விரிச்சி நிற்குமிடமும் எண்ணத்தக்கது. ஆட்டத்தார் கவற்றை எதிரியின் முன்னே உருட்டுவர். தொல்காப்பிய அடைவிலோ, மனிதன் கையில் இல்லாத வாய்ப்பு செலவுக்கு முன்னரே கேட்டறியப்படுகின்றது. அதன்பின் நிகழ்வனவெல்லாம் வேய் முதலாகச் செய்வார் திறத்தைச் சார்ந்தவை. ஒற்றறிந்து வருதல், ஊர்ப்புறத்தைச் சூழ்தல், ஊர்கொலை, ஆகோள் என அவை தொடரும். ஆட்டத்தில் ஓர் உருட்டில் முடிவது இங்கே துறைகளாக விரிகின்றது. பதிவிருந்து தாக்கிய அளவில் ஆட்டவிதி முடியும். வெட்சியோ பின்தொடர்வாரை மாற்றும் பூசன்மாற்றையும், கொண்ட நிரையை வருத்தாது செலுத்துதலையும் துறையாக வேண்டுகின்றது. மாட்டை ஓசையின்றி ஓட்டுதல் எவர்க்கும் இயலாது என்பதை நூலார் நன்கு அறிந்திருந்தனர் போலும். இவை புலவர் புனைவு மட்டும் அல்ல என்பதற்குத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் சான்று; ஆகோள் என்னும் சொல்லே அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

வெட்சிக்கு அகனாகிய குறிஞ்சியிலும் இஃதே நிலை. அகநானூற்று 122ஆம் பாட்டில் இரவுக்குறிக்கு நேரும் தடைகளைப் பரணர் அடுக்குகின்றார். ஊர் உறங்கினும் தாய் உறங்காள். தாய் உறங்கினும் காவலர் விரைந்து திரிவர். அவர் உறங்கினும் நாய் குரைக்கும். பின்னும் நிலவும் கூகையும் கோழியும் உள. தலைவனது மறையும் திறன் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எண்ணப்பட்டவை முழுதும் காண்பனவும் கேட்பனவும் காட்டிக்கொடுப்பனவுமே. நிலவு காணாது, ஆயினும் காணச் செய்யும். இத்துணை வேறுபட்ட காவலை வேடமாட்ட நூல்களில் யாம் கண்டிலேம்.

இனிச் சேதுக்கரைக்கு மீள்வோம். வீடணன் சோலையில் தங்கியபோது அவனைத் தேடுவார் எவரும் இலர். ஆதலின் அது களவு ஆகாது. இருளில் காவற்படையின் எல்லையைக் கடந்திருப்பானாயின் அக்கணமே அது புடைகெடப் போகிய செலவாகியிருக்கும். அவன் விலக்கியது அவ்வெல்லையைக் கடத்தலையே. பகலில் வந்தும் வானரர் அவனைப் பகைவன் எனச் சூழ்ந்தனர் என்பதும், மயிந்தன் வினவி அறிந்த பின்னரே செய்தி இராமனிடம் சென்றது என்பதும் காப்பியத்துட் காண்க.

அணை கடந்து இலங்கைப்புறத்துப் பாடியிறங்கிய பின்னர் இதற்கு மறுதலையான நிகழ்ச்சி வருகின்றது. ஒற்றுக்கேள்விப் படலத்தில் இராவணன் ஒற்றராகிய சுகனும் சாரணனும் வானர வேடம் பூண்டு படையினுட் புகுகின்றனர். எண்ணிறந்த வானரர் கண்கள் அவர்களைக் கண்டன. ஒருவர்க்கும் ஐயம் எழவில்லை. வீடணன் ஒருவனே அறிந்தான். வானரர் கண் மழுங்கியவர் அல்லர்; வானரரிடையே வானரரைக் காண்பதில் ஐயுறுதற்கு ஒன்றுமில்லை. வீடணனுக்கோ இலங்கையோடு இருந்த பழக்கம் உண்டு. அகப்பட்டோர் தம்மை வானரர் என்றே சாதித்தபோது, அவன் மந்திரத்தால் அவ்வேடம் நீங்கியது.

2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின்படி, பகைவர் கண்ணிற்படாத இடத்திலிருந்து ஒளிவான் 15 என்னும் நிலையெண்ணை எட்டினாற் போதும். எட்டிய தொகை, பின்னர்த் தேடுவோன் எட்ட வேண்டிய எண்ணாகும். ஆடுவார்க்கு இஃது எளிமை தரும் என்பதை மறுக்கவில்லை. ஆயின், காண்பான் யாவன் எனக் கேளாமுன்னரே மறைவு ஒருவன் கைப்பொருள் ஆகிவிடுகின்றது. இவ்விதியால் ஆடின் சுகனும் சாரணனும் வானரர் முன்னும் வீடணன் முன்னும் ஒரே எண்ணோடு நின்றிருப்பர். கம்பர் அவர்களை அவ்வாறு நிறுத்தவில்லை.