கருகிய உடலுக்குப் பெயர் சொல்லும் ரத்தம்! சிவகாசி கற்றுத்தரும் டி.என்.ஏ பாடம்

பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் 'மூலக்கூறு மரபியல்' என்றொரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் டி.என்.ஏ ரேகை அச்சு பற்றியும் வரும். பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல வருடங்கள் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் விருதுநகர். இங்குள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் நீட் எழுதுகிறவர்களுக்கு, அந்தப் பாடம் தலைகீழ்ப் பாடம்.

அதே பாடம் இந்த மாவட்டத்தில் இன்னோர் இடத்திலும் நடக்கிறது. பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்த மறுநாள், அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். நடுவிலும் பிறகும் நடந்தவற்றை எண்ணினால் இந்தப் பக்கம் போதாது. வெடிமருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் எரியும் சூடு இரும்பையே உருக்கிவிடும். முகம், கைரேகை, கட்டியிருந்த சேலை எதுவும் மிஞ்சாது. கொலுசையோ மெட்டியையோ தாலியையோ வைத்து, 'இது எங்க வீட்டுப் பிள்ளைதான்' என்று சொல்ல வேண்டிய நிலை. ஒரே கடையில், ஒரே மாடலில் வாங்கிய கொலுசை நாலு பேர் போட்டிருந்தால்? மாறிப்போன உடலுக்கு ஒரு வீட்டில் கொள்ளி வைத்துவிட்டால், இன்னொரு வீட்டுக்குக் கடைசி வரை உடலே கிடைக்காது. இறப்புச் சான்றிதழ், நிவாரணப் பணம், பிள்ளைகளின் வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு பெயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அப்போதுதான் உறவினர்களிடம் ரத்தம் கேட்பார்கள். அழுது ஓய்ந்து நிற்கிறவர்களுக்கு, 'செத்தது அவ, எங்க ரத்தம் எதுக்கு?' என்று தோன்றுவது நியாயம்தான். அதற்கான பதிலை வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையால் சொல்ல முடியும்.

சரவெடியில் எத்தனை வெடி?

நம் உடலில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ-வைப் பிரித்து நீட்டினால் இரண்டு மீட்டர் நீளம் வரும். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நாலே எழுத்துகளில் எழுதிய புத்தகம் அது. அம்மாவிடமிருந்து 23 குரோமோசோம், அப்பாவிடமிருந்து 23. ஒவ்வொருவர் பங்கிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். (ரத்தம் சிவப்பு என்பதால் சிவப்பணுவில் டி.என்.ஏ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. ஆய்வகம் தேடுவது வெள்ளையணுவை. ஒரு மார்க் கேள்விக்கும் உதவும்.)

இந்த 300 கோடியில் ஆயிரத்துக்கு 999 எழுத்துகள் எல்லா மனிதர்களுக்கும் ஒன்றே. மிச்சமிருக்கும் வித்தியாசத்தில்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஆய்வகம் பார்ப்பது, ஒரே சிறு வார்த்தை திரும்பத் திரும்ப வரும் சில இடங்களை. ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று வரிசையாகப் போகும். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சரவெடிதான் அது. ஒருவர் சரத்தில் 8 வெடி, இன்னொருவர் சரத்தில் 11. வெடி எல்லாம் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு சரங்கள். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. அம்மாவுக்கு 8, 11. அப்பாவுக்கு 7, 9 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 8-7, 8-9, 11-7, 11-9 இந்த நாலில் ஒன்றுதான் வரலாம். கருகிய உடலில் 12 என்று வந்தால், அந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது. இதேபோல இருபது இடங்களை ஒப்பிடுகிறார்கள். இருபதிலும் பொருந்திவிட்டால், உறவே இல்லாத ஒருவர் தற்செயலாகப் பொருந்திப்போக வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இந்த வழியைத் திறந்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக் ஜெஃப்ரீஸ், ஆண்டு 1984. நம் நாட்டில் ஹைதராபாத் சி.சி.எம்.பி ஆய்வகத்தின் லால்ஜி சிங், கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ-வை ஆராய்ந்தபோது கிடைத்த துண்டை வைத்தே சொந்தமாக ஒரு முறையை உருவாக்கினார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும் அவரது ஆய்வகத்தின் டி.என்.ஏ சோதனை பயன்பட்டது. வெடித்துச் சிதறிய உடல்களுக்கு டி.என்.ஏ பெயர் சொல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

தீயில் எது மிஞ்சும்?

சூடு டி.என்.ஏ-வைத் துண்டு துண்டாக்கும். தோல், மேல் சதை முதலில் போய்விடும். ஆழத்தில் இருக்கும் தசை, தொடை எலும்பின் உள்பகுதி, கடைவாய்ப்பல்லின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற திசு ஆகியவைதான் பெரும்பாலும் கைகொடுக்கும். எலும்பு கறுத்திருந்தால் நம்பிக்கை உண்டு. சுண்ணாம்பாக வெளுத்துவிட்டால் கஷ்டம்.

டி.என்.ஏ-வை வெட்டுவது, ஒற்றியெடுப்பது, துருவித் தேடுவது என்று பாடத்தில் வரும் படிகள் ஆரம்பகால முறை. அதற்கு நீளமான, சிதையாத டி.என்.ஏ வேண்டும். இன்று பார்க்கும் சரங்கள் குட்டையானவை, சில நூறு எழுத்துகள்தான். நூல் நூறு இடத்தில் அறுந்திருந்தாலும் நடுவில் அந்தச் சரம் முழுசாகக் கிடைத்தால் போதும். பி.சி.ஆர் கருவியில் அதைப் பிரதி எடுப்பார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும்.

யார் ரத்தம் கொடுக்க வேண்டும்?

'வீட்டுக்காரர் நான் இருக்கேனே, என் ரத்தத்தை எடுத்துக்கங்க' என்று கணவர் முன்வந்தால், அவர் ரத்தம் மட்டும் பயன்படாது. கல்யாணம் டி.என்.ஏ-வில் ஏறாது. ஆனால் பிள்ளையோடு சேர்ந்து கொடுத்தால் பலன் உண்டு. பிள்ளையின் சரங்களில் அப்பாவிடமிருந்து வந்ததைக் கழித்தால், மிச்சம் இறந்துபோன அம்மாவுடையது.

இறந்தவரின் அம்மாவும் அப்பாவும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. அடுத்தது சொந்தப் பிள்ளைகள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை அதற்கும் அடுத்துதான், ஏனென்றால் பெற்றோரின் சரங்களில் எது யாருக்கு வந்தது என்பது குலுக்கல் மாதிரி. தத்தெடுத்த பிள்ளை என்றால், கூச்சப்படாமல் ரத்தம் எடுக்கும்போதே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் சரியான உடலையே 'இவர்களுடையது அல்ல' என்று ஆய்வகம் தள்ளிவிடும்.

நம் உறவுமுறைக்கும் மரபியலுக்கும் அழகான ஒரு பொருத்தம் இருக்கிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் மகன்கள் என்று பங்காளிகள் எல்லோருக்கும் அது ஒன்றே. உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் குட்டி டி.என்.ஏ அம்மா வழியில் மட்டும் வரும். ஆகவே தாய்மாமனுக்கும் மருமகனுக்கும், பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் அது ஒன்றே. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால், மிகவும் கருகிய எலும்பில்கூட சில சமயம் இது தப்பியிருக்கும்.

பிரதி எடுக்கும்போது ஒரு பிழை

மியூட்டேஷன் என்றதும் கொம்பு முளைத்த சினிமா மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள். பாடப்புத்தகம் சடுதிமாற்றம் என்கிறது. விஷயம் ரொம்பச் சாதாரணம். 300 கோடி எழுத்தைப் பிரதி எடுக்கும்போது அங்கங்கே நேரும் எழுத்துப் பிழை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் அம்மா, அப்பா இருவரிடமும் இல்லாத சுமார் அறுபது, எழுபது புது எழுத்துகள் இருக்கும். உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை. அபூர்வமாக விழக்கூடாத இடத்தில் விழும். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வந்ததால் உண்டானதுதான் அரிவாள் செல் சோகை. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952-ல்.

சரவெடி இடங்களிலும் இந்தப் பிழை வரும். பிரதி எடுக்கும்போது வழுக்கி, அப்பாவின் 9 பிள்ளையிடம் 10 ஆகிவிடும். ஒரு சரத்தில் இது ஆயிரத்தில் ஒரு முறை, இரண்டு முறைதான். ஆனால் பார்ப்பது இருபது சரங்கள். ஆகவே உண்மையான அப்பா - பிள்ளை ஜோடிகளில்கூட நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் ஏதோ ஓர் இடம் இடிக்கும். இதனால்தான் ஒரே ஓர் இடம் பொருந்தவில்லை என்று ஆய்வகம் கதவைச் சாத்துவதில்லை. இடிப்பது ஒரு படிதானா, மற்ற பத்தொன்பதும் பொருந்துகிறதா என்று பார்க்கும். மதிப்பெண்ணுக்காகப் படிக்கும்போது மியூட்டேஷன் ஒரு வரையறை. இங்கே, ஓர் அப்பாவிடம் அவர் மகளைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அதில் இருக்கிறது.

ரஷ்ய ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1918-ல் சுட்டுக் கொல்லப்பட்டவரின் எலும்புகளை 1991-ல் தோண்டி எடுத்தார்கள். அவருடைய மைட்டோகாண்ட்ரியாவில் ஓர் இடத்தில் இரண்டு விதமான எழுத்துகள் கலந்திருந்தன; தாய்வழி உறவினர்களிடம் ஒன்று மட்டும் இருந்தது. சந்தேகம் கிளம்பியது. பிறகு அவருடைய தம்பியின் கல்லறையைத் திறந்து பார்த்தபோது, அதே இடத்தில் அதே கலப்பு. சந்தேகத்தைக் கிளப்பிய மியூட்டேஷனே கடைசியில் சாட்சியாகிவிட்டது.

ஒரே ஷெட்டில் அக்காவும் தங்கையும்

ஒரு கிராமத்திலிருந்து ஒரே வேனில் வந்து ஒரே ஷெட்டில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ஆய்வகத்துக்கு நிஜமான தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. அக்காவும் தங்கையும் சேர்ந்து இறந்துபோனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா ரத்தம் இரண்டு உடல்களோடும் பொருந்தும். இவர்கள் மகள்கள் என்று தெரியும். யார் அக்கா, யார் தங்கை என்பது மட்டும் தெரியாது. அக்காவின் பிள்ளை ரத்தம் கொடுத்தால்தான் முடிச்சு அவிழும். கல்யாணமாகாத பெண் என்றால், அவள் மட்டும் புழங்கிய பல் துலக்கும் பிரஷ், வேரோடு முடி சிக்கிய சீப்பு இவற்றைத் தேட வேண்டும்.

இதில் சொந்தத்துக்குள் கல்யாணமும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவுக்குள் கட்டிக்கொண்டவர்கள். அக்கா மகளைக் கட்டிய வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றே, இரண்டுமே அந்த ஒரே பாட்டியிடமிருந்து வந்தவை. கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போனால், அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக மாமன், அத்தை வீட்டிலேயே பெண் எடுத்திருந்தால் மற்ற சரங்களிலும் ஒரே எண்கள் அதிகம் வரும். ஆய்வகம் கூடுதல் இடங்களைப் பார்க்க வேண்டும், கூடுதல் பேரிடம் ரத்தம் வாங்க வேண்டும், நாளும் கூடும்.

ஆகவே விபத்து நடந்த வீட்டில் யாராவது ஒருவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. யார் யாருக்கு என்ன முறை, யார் யாரைக் கட்டியது என்று ஒரு தாளில் எழுதி, ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் கொடுப்பது. பாடத்தில் அதற்குப் பெயர் மரபுக்கால்வழி வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக்கோடு. துக்க வீட்டில் பெரியவர்களால் முடியாது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குப் பத்து நிமிஷ வேலை. இறந்தவரின் பிரஷையும் சீப்பையும் கழுவாமல், ஈரம் காயவிட்டு, ஆளுக்கு ஒரு காகித உறையில் தனித்தனியாகப் போட்டு, அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து டி.என்.ஏ கெட்டுப்போகும்.