காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே

காலை வேளையில் பனிச்சங்கேணிப் பாலத்தருகே நின்றால், பின்னே மீன்பெட்டியைக் கட்டித் துவிச்சக்கரவண்டி மிதித்துச் செல்லும் வியாபாரிகளைக் காணலாம். வண்டியின் ரயரில் ஓரிடம் தேய்ந்து நைந்துவிட்டால், உள்ளிருக்கும் ரியூப் அவ்விடத்தே முட்டைபோற் புடைத்து வெளித்தள்ளும். புடைப்பைக் கண்ட வியாபாரிக்கு ஒரு தருமசங்கடம்: இப்பொழுதே மாற்றுவதா, இன்னுஞ் சில நாள் ஓட்டிப் பார்ப்பதா?

இதே வினா மனிதனுடைய குருதிக் குழாய்களிலும் எழுவதுண்டு. ஆனால் அங்கே பணயம் வைக்கப்படுவது உயிர்!

இருதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்வது பெருநாடி. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் நலிவுற்று அவ்விட்டம் 3 சென்ரிமீற்றரை எட்டினால், அதனை நாடிப் புடைப்பு என்பர். மேனாட்டு வைத்தியர் வழங்கும் பெயர் அனியூரிசம். முதுமை, புகைத்தல், உயர்ந்த இரத்த அமுக்கம், குடும்ப வழி ஆகியன இதற்கு ஏதுவாவன. புடைப்புப் பெருக்கப் பெருக்கச் சுவரின்மேல் இழுவிசையும் பெருகும். பெரும்பாலும் நோவில்லை, குறியுமில்லை. வெடித்துவிட்டாலோ பிழைப்பவர் சிலரே.

விஞ்ஞான மேதை ஐன்ஸ்டைனுக்கும் இந்நோய் இருந்தது. 1948 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் சத்திரவைத்தியர் ருடொல்ப் நிசென் அவருடைய புடைப்பைச் செலோபேன் தாளாற் சுற்றிவைத்தார். அன்று செய்யக்கூடியது அவ்வளவே. 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது, மீண்டுஞ் சத்திரசிகிச்சை வேண்டாமென மறுத்து அம்மேதை உயிர்நீத்தார். இதற்கிடையே 1951 இல் பாரிஸ் நகரில் சார்ள் டியுபொஸ்ற் என்பார் புடைத்த பகுதியை அகற்றி, இறந்தவரொருவரின் நாடித் துண்டை அவ்விடத்தே பொருத்தி வெற்றிகண்டார். பின்னர் நாடித் துண்டுக்குப் பதிலாகச் செயற்கை நூலால் நெய்த குழாய் வந்தது. 1990 இல் ஆர்ஜென்ரீன நாட்டு யுவான் பரோடி, வயிற்றைத் திறவாமலே, தொடையடி நாடியினூடாகக் குழாயை உட்செலுத்தும் முறையைக் கையாண்டார்.

வழிகள் பெருகின. ஆயினும் அடிப்படை வினா அப்படியே நின்றது: சிறிய புடைப்பை உடனே வெட்டுவதா, காத்திருப்பதா? "வருமுன் காப்பதே நன்று, உடனே வெட்டிவிடலாம்" என்றே எவருக்குந் தோன்றும். ஆனால் தோற்றம் வேறு, உண்மை வேறு. அதனை அறிய, பிரித்தானியாவில் புடைப்பு 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரை இருந்த 1090 நோயாளரை, அவர்தம் சம்மதத்துடன், திருவுளச்சீட்டுப் போட்டாற்போல இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினர்க்கு உடனே சத்திரசிகிச்சை. மறு கூறினரைக் காலந்தோறும் ஸ்கான் மூலம் அளந்து, 5.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வெட்டினர். வைத்தியரின் விருப்போ நோயாளியின் செல்வாக்கோ பிரிவினையைக் கோணச்செய்யாதிருக்கவே இச்சீட்டு முறை.

1998 இல் முடிவு வெளியாயிற்று. ஆறாண்டு கழித்தும் இரு கூறிலும் உயிர்வாழ்ந்தோர் விகிதம் ஏறக்குறைய ஒன்றே! உடனே வெட்டப்பட்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறுபேர் முப்பது நாளுக்குள் இறந்திருந்தனர். 2002 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும் இதனையே உறுதிசெய்தது. இன்று ஆண்களுக்கு 5.5 சென்ரிமீற்றர் எல்லையாகக் கொள்ளப்படுவது இவற்றின் பயனே. பெண்களுக்கு இதிற் சற்றுக் குறைந்த அளவிலேயே சிகிச்சை பற்றி ஆலோசிப்பர்.

புதியதெல்லாம் சிறந்ததென்பதும் இல்லை. தொடைவழிக் குழாய்முறையில் முதல் முப்பது நாளில் இறந்தோர் நூற்றுக்கு 1.7 எனவும், வயிற்றைத் திறக்கும் முறையில் 4.7 எனவும் 2004 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. யாவரும் மகிழ்ந்தனர். அதே நோயாளரை நெடுங்காலந் தொடர்ந்து பார்த்தபோதோ, எட்டாண்டுக்குப் பின் பழைய முறையே மேலெனத் தெரியவந்தது. சிறு புடைப்பின் வளர்ச்சியைத் தடுக்குமென நம்பப்பட்ட டொக்சிசைக்கிளின் மருந்தும், இரண்டாண்டு கொடுத்துப் பார்த்தும் பயன்தரவில்லையென 2020 இல் அறிவிக்கப்பட்டது. தோல்வியும் அறிவே, வீண்மருந்து விழுங்குவதினின்றும் அது நம்மைக் காத்ததன்றோ?

நமக்கு அணித்தேயும் இம்முயற்சி நடைபெறுகின்றது. மூளை நாடிகளில் உண்டாகும் புடைப்பினின்றும் குருதியோட்டத்தைத் திசைதிருப்பும் நுண்ணிய வலைக்குழல் ஒன்றைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வடிவமைத்ததாக 2020 இல் அறிவித்தது. விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் அதனைச் சோதித்தல் வேண்டுமென அப்பொழுதே கூறப்பட்டது. நல்ல கருவியாயினும் சோதனை என்னும் வாயிலைக் கடந்தே வருதல் வேண்டும்.

இவையெல்லாம் பனிச்சங்கேணிக் குடும்பமொன்றுக்கு எதற்கு என்று கேட்கலாம். வேறேதோ காரணத்துக்காக ஸ்கான் செய்யப்பட்ட தந்தையாரிடம், "உங்கள் பெருநாடியில் 4 சென்ரிமீற்றர்ப் புடைப்பு உண்டு, இப்போது வெட்டத் தேவையில்லை, குறித்த தவணையில் வாருங்கள்" என்று வைத்தியர் கூறினால், "ஏழையென்று கைவிட்டுவிட்டார்களோ?" எனப் பிள்ளைகள் ஏங்குவர். ஏங்க வேண்டா. அச்சொல்லின் பின்னே ஆயிரக்கணக்கான நோயாளரின் அனுபவம் நிற்கின்றது.

ஆனால் காத்திருத்தல் என்பது சும்மா இருத்தலன்று. புகைத்தலை அறவே விடுதல், இரத்த அமுக்கத்தைக் கட்டுப்படுத்தல், குறித்த தவணையில் ஸ்கானுக்குச் செல்லுதல் ஆகிய மூன்றுமே அந்தச் சிகிச்சை. முதியவர்க்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் நோவு கண்டு மயக்கம் வந்தால், கைமருந்து தேடி நாழிகை போக்காது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். புடைப்பு உண்டென்பதை அங்கு முதலிலேயே சொல்லுதல் வேண்டும். மட்டக்களப்புப் பட்டினத்துக்கு நெடுவழி போகவேண்டிய வாகரைப் பகுதியினர்க்கு இது மிகமிக முக்கியம்.

தவணைச் சீட்டைப் பத்திரமாக வைத்து, நாள் தவறாமல் தந்தையாரை அழைத்துச் செல்லும் பிள்ளையும் அச்சிகிச்சையில் ஒரு பங்காளியே.