வானத்து மீன்களை இனங்காணும் வழி

பஞ்சாங்கத்தில் நாள்தோறும் நட்சத்திரத்தின் பெயரைப் பார்க்கின்றோம். ஆனால் அந்நட்சத்திரத்தை வானில் சுட்டிக்காட்ட வல்லவர் நம்மில் மிகச் சிலரே. முறைத் தண்ணீர் பாய்ச்ச நள்ளிரவில் வயலுக்குச் சென்ற நம் முன்னோர்க்கு வானமே கடிகாரம், வானமே திசைகாட்டி. அவ்வறிவு முதியோருடன் மறைந்துவிடலாகாது. அதனைக் கற்பது கடினமன்று.

தெரிந்த மீனைக் கொண்டு தெரியாத மீனைக் காண்பதே வழி. தை மாதத் தொடக்கத்தில் இரவு எட்டு மணியளவில் கிழக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்த்தால், நெருங்கி ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்கள் புலப்படும். நம் வீடுகளில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு நூலை விறைப்பாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அம்மூன்றின்மீதும் பொருந்தும்படி பாருங்கள். அக்கோடு கீழே செல்லுமிடத்தில், இரவு வானின் விண்மீன்களுள் ஒளிமிக்க சிரியஸ் தோன்றும். மேலே சென்றால் செந்நிற ரோகிணியும், அதற்கப்பால் சிறு கொத்தாகக் கார்த்திகையும் தோன்றும். மூன்று மீன்களுக்கு இடப்புறம் சிவந்து ஒளிர்வது திருவாதிரை. இம்மூன்று மீன்களும் ஏறத்தாழ நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைவதால், அவ்வேளைகளில் திசையறியப் பெரிதும் உதவும்.

சித்திரை மாத இறுதியில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள். நான்கு மீன்கள் கட்டமாகவும் மூன்று வாலாகவும் அமைந்தது சப்தரிஷி மண்டலம். வாலுக்கு எதிர்ப்புறத்து இரு மீன்களின் இடைவெளியைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரத்தை அடையலாம். அது அத்துணை ஒளியுடையதன்று. கன்னியாகுமரியில் அடிவானத்திலிருந்து சுமார் 8 பாகை, சென்னையில் 13 பாகை உயரத்தில் நிற்கும். கையை நேரே நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆதலால் மரமும் வீடும் மறைக்காத வெளியில் நின்று தேடுதல் வேண்டும். வாலின் வளைவைத் தொடர்ந்து சென்றால் முதலில் சுவாதி. பின்னர் வெண்ணிறச் சித்திரை. முழுநிலவு இதன் அருகே வரும் மாதமே சித்திரை எனப் பெயர் பெற்றது.

விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் மினுக்கா. இவ்வேறுபாட்டை மறவாதிருந்தால் மயக்கம் நேராது.

இனி, காலமறியும் முறை. ஒரு விண்மீன் நாள்தோறும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் முந்தும். இன்று எட்டு மணிக்கு உச்சியில் நிற்பது அடுத்த மாதம் ஆறு மணிக்கே அங்கு நிற்கும். இக்கணக்கறிந்தவர்க்கு இரவில் வேறு கடிகாரம் வேண்டுவதில்லை.

அங்கத்தினர்கள் மின்விளக்கு ஒளி எட்டாத களத்துமேட்டுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஓரிரவில் ஒரு மீனையேனும் காட்டுவார்களாக. ஆண்டு முடிவில் வானம் முழுவதும் பழகிய ஊராகிவிடும்.