வேர் முடிச்சின் கைரேகை

பயறு விதையோடு கலந்து நாம் மண்ணிலிட்ட ரைசோபியம் வேர் முடிச்சினுள் புகுந்ததா, அன்றி அங்கு முன்பே குடியிருந்த அதன் பங்காளி புகுந்துகொண்டதா? உருப்பெருக்கியில் இரண்டும் ஒரே கோல்வடிவம். எத்துணை உற்று நோக்கினும் எனக்கு வேற்றுமை புலப்பட்டதில்லை.

ஆயின், அவற்றின் டி.என்.ஏ. இழையில் சில குறுந்தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றிற்கிடையேயுள்ள தொலைவு வழியினத்திற்கு வழியினம் மாறும். அவ்விடைப்பகுதிகளைப் பி.சி.ஆர். முறையாற் பெருக்கி, கடற்பாசிக் கூழிலிட்டு மின்சாரம் செலுத்தினால், சிறு துண்டு முந்தும், பெருந்துண்டு பிந்தும். பட்டை பட்டையாக ஒரு கைரேகை தோன்றும். குதிரைமசாலின் துணையான ரைசோபியம் மெலிலோட்டியை 1992-இல் டி புரூயின் இவ்வாறே வகைபிரித்தார். முடிச்சிலிருந்து எடுத்ததன் பட்டைகள் நாம் இட்டதன் பட்டைகளோடு ஒவ்வாவிடில், உழவர் கொடுத்த விலை பெரும்பாலும் வீணே!

குலமுறை அறிய மட்டும் இது போதாது. அதற்கு 1977-இல் கார்ல் வோஸ் காட்டிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. வழியையே நாடுகிறோம்.