கேட்டது கிடைக்க ஒன்பது ஆண்டுகள்

இணைய உலாவி என்பது வலைத்தளங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, நாளிதழ், அலுவலகக் கோப்பு என்று அன்றாடத்தின் பெரும்பகுதி இன்று அதன் வழியாகவே நடப்பதால், அதில் இல்லாத ஒரு சிறு வசதிகூட நாளுக்குப் பலமுறை உறுத்துகிறது. இந்த உறுத்தலே உலாவிகளைப் பற்றிப் பயனர்கள் இடைவிடாமல் எழுப்பிவரும் கோரிக்கைகளின் ஊற்றாகும். அக்கோரிக்கைகள் எவ்வாறு ஏற்கப்படுகின்றன, எவ்வாறு தள்ளப்படுகின்றன என்பதை அறிய, மொசில்லா நிறுவனத்தின் ஃபயர்பாக்ஸ் உலாவியில் தாவல் குழுக்கள் பட்ட பாட்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒரே சாளரத்துக்குள் பல வலைப்பக்கங்களை அடுத்தடுத்துத் திறந்து வைக்க உதவும் மேற்பட்டைப் பகுதிகளே தாவல்கள். பேச்சு வழக்கில் டேப் என்று சொல்லப்படுபவை இவைதாம். ஐந்தாறு தாவல்கள் வரை எவருக்கும் தொல்லை இல்லை. நாற்பதைத் தாண்டும்போது, சில உலாவிகளில் ஒவ்வொரு தாவலும் தலைப்பை இழந்து சின்னஞ்சிறு அடையாளப் படமாகச் சுருங்கிவிடுகிறது. ஃபயர்பாக்ஸில் தாவல்கள் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காமல் பட்டையின் இருபுறமும் மறைந்து நிற்பதால், வேண்டிய பக்கத்தைக் காணப் பட்டையை இடமும் வலமும் நகர்த்தித் தேட வேண்டியிருக்கிறது. வேலைக்கானவை, படிப்புக்கானவை, பயண முன்பதிவுக்கானவை என்று அவற்றைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து வைக்கும் வழி வேண்டும் என்பது அதிலிருந்து இயல்பாக எழும் விருப்பம்.

அந்த விருப்பத்தை ஃபயர்பாக்ஸ் வெகு முன்பே நிறைவேற்றியிருந்தது. 2011 மார்ச்சில் வெளிவந்த அதன் 4ஆம் பதிப்பில், பனோரமா என்று அறியப்பட்ட ஒரு வசதி இருந்தது. அதைத் திறந்தால் எல்லாத் தாவல்களும் சிறு படங்களாகத் திரையில் பரவி நிற்க, பயனர் அவற்றை இழுத்துப் பெட்டிகளுக்குள் போட்டுப் பெயரிட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்றும், பராமரிப்புச் சுமை அதற்கு ஈடாகவில்லை என்றும் கருதி, 2016 மார்ச்சில் வந்த 45ஆம் பதிப்பில் மொசில்லா அதை நீக்கிவிட்டது. மென்பொருளில் ஒரு வசதி என்பது ஒருமுறை எழுதி முடித்துவிடும் வேலையன்று. அடிப்படை நிரல் மாறும்போதெல்லாம் அதையும் சோதித்துத் திருத்த ஆள் வேண்டும் என்பதால், நிறுவனத்தின் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், விசைச் சேர்க்கையை அறிந்தவர் கண்ணுக்கு மட்டுமே எளிதில் தென்படும் ஒரு வசதியின் பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்து அதன் தேவையை அளந்தது பிழையான அளவை. அறியாமையால் பயன்படுத்தாதவரும் வேண்டாமென்று ஒதுக்கியவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகவே தோன்றுவர்.

நீக்கப்பட்ட வசதியை உலாவி நீட்சிகள், அதாவது வெளியார் எழுதி உலாவியோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்கள், சில காலம் தாங்கி நின்றன. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு, வேகத்தையும் பாதுகாப்பையும் முன்னிட்டுப் பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டபோது அந்த ஆதரவும் சரிந்தது. புதிய வகை நீட்சிகளால் தாவல்களைப் பக்கவாட்டில் செங்குத்தாக அடுக்கிக் காட்ட முடிந்ததே தவிர, மேலே இருக்கும் பழைய பட்டையை மறைக்க அவற்றுக்கு அனுமதி இல்லை. எனவே ஒரே தாவல் வரிசை இரண்டு இடங்களில் தெரிவதைத் தவிர்க்க விரும்பியவர்கள், உலாவியின் உள்கோப்புறைக்குள் யூசர்குரோம் என்னும் பெயரில் தாமே ஒரு வடிவமைப்புக் கோப்பை எழுதி வைத்து, அதை உலாவி ஏற்கும்படி மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு மதிப்பையும் மாற்றினார்கள். சாதாரணப் பயனர் இத்தனை தூரம் போக நேர்ந்தது, கோரிக்கை எவ்வளவு உண்மையானது என்பதற்குப் போதிய சான்றாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் 2025 மார்ச்சில் 136ஆம் பதிப்பில் செங்குத்துத் தாவல்களும், ஏப்ரல் இறுதியில் 138ஆம் பதிப்பில் தாவல் குழுக்களும் வந்து சேர்ந்தன. ஒரு தாவலை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் குழு உருவாகிறது. அதற்குப் பெயரும் நிறமும் கொடுத்து, தேவையில்லாத நேரத்தில் சுருக்கி வைக்கலாம். பயனர்கள் தன்னிடம் முன்வைத்த கோரிக்கைகளுள் மிக அதிக ஆதரவு பெற்றது இதுவே என்று மொசில்லாவே அறிவித்தது. இதற்கிடையில் போட்டி உலாவிகளுள் குரோம் 2020இலேயே தாவல் குழுக்களையும், எட்ஜ் 2021இல் செங்குத்துத் தாவல்களையும் தந்துவிட்டிருந்தன.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான ஃபயர்பாக்ஸிலும் இதே போக்கு காணப்பட்டது. 2020இல் அது புதிதாக எழுதப்பட்டபோது, அதுவரை தாராளமாகக் கிடைத்த நீட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாகக் குறைந்தன. பயனர்கள் மூன்றாண்டுக்கு மேல் கேட்டபின், 2023 டிசம்பரில்தான் அவை மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டன. ஐபோனிலோ நிலைமையே வேறு. அங்கு எல்லா உலாவிகளும் ஆப்பிளின் வெப்கிட் என்னும் பொறியைக் கொண்டே இயங்க வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் சட்டத்தால் தளர்த்தப்படும் வரை உலகெங்கும் நிலவியதால், பயனர் கேட்டாலும் உலாவி நிறுவனம் தானாகத் தர முடியாத வசதிகள் பல.

தமிழில் படிப்போருக்கும் நியாயமான ஒரு கோரிக்கை உண்டு. நீண்ட கட்டுரை ஒன்றில் உலாவியின் பக்கத் தேடலைத் திறந்து “குளம்” என்று தட்டச்சு செய்தால், “குளத்தில்”, “குளங்கள்”, “குளத்தின்” ஆகிய இடங்கள் ஒன்றுகூட அகப்படுவதில்லை. உலாவி எழுத்துகளின் வரிசையை மட்டுமே ஒப்பிடுகிறது, சொல்லின் வேரை அறிவதில்லை. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேல் வரும் குறிகளைப் பொருட்படுத்தாமல் தேடும் வசதியை ஃபயர்பாக்ஸ் 2020இலேயே சேர்த்திருப்பதால், மொழியின் இயல்புக்கேற்பத் தேடலை நெகிழ்த்துவது கொள்கையளவில் புதிய செயல் அன்று. ஃபயர்பாக்ஸின் இடைமுகம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழிலும் கிடைக்கிறது. அதன் பிழைப் பதிவேடான பக்சில்லாவில் எவரும் கணக்குத் தொடங்கிக் கோரிக்கையைப் பதியலாம். பதியப்படாத தேவையை எந்த நிறுவனமும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை ஆதலால், தமிழ் வாசகர்கள் இத்தகைய குறைகளைத் தக்க எடுத்துக்காட்டுடன் எழுதி அங்கே பதிய முன்வர வேண்டும்.